அற்புதம் வாய்க்காத மருத்துவர்கள்

அண்மையில் அடுத்தடுத்துப் படித்து முடித்த நான்கு நாவல்களிலிருந்து என் மனத்தில் தங்கிவிட்டவர்கள் காதலர்கள் அல்லர். காதலர்களுக்குச் சற்றுத் தள்ளி, மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்த நான்கு ஆண்கள்தான் விளக்கை அணைத்த பிறகும் போக மறுக்கிறார்கள். லாவ்ரா எஸ்கிவெலின் 'சாக்லேட்டுக்கான நீரைப் போல' நாவலின் டாக்டர் ஜான் பிரவுன், காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'காலரா காலத்தில் காதல்' நாவலின் டாக்டர் ஹுவெனால் உர்பினோ, ஜோர்ஜ் அமாதோவின் 'தோனா ஃப்ளோரும் அவளுடைய இரண்டு கணவர்களும்' நாவலில் மருந்துக்கடை வைத்திருக்கும் தியோதோரோ, இசபெல் அயெந்தேயின் 'ஆவிகளின் வீடு' நாவலில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஹைமே. மெக்சிகோ, கொலம்பியா, பிரேசில், சிலி என்று நான்கு நாடுகள். 1966 முதல் 1989 வரை வெளிவந்த நூல்கள். இவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டுமென்று திட்டம் எதுவும் இருக்கவில்லை. மாயமும் காதலும் கலந்த கதை வேண்டும் என்ற ஆசையில் கைக்குக் கிடைத்த வரிசையில் படித்தேன். முடித்தபோது சந்தோஷத்தோடு ஒரு நெருடலும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. நான்கிலும் அற்புதம் நிகழ்கிறது. ரோஜா இதழ்க் குழம்பில் வெந்த காடை ஒரு பெண்ணின் உடம்பில் தீ மூட்டுகிறது. செத்துப் புதைக்கப்பட்டவன் திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொள்கிறான். உப்புச்சாடி மேசைமீது தானாக நகர்கிறது. ஆனால், நாடி பிடித்துப் பார்க்கிற கைக்கு, மருந்தை அளந்து ஊற்றுகிற கைக்கு எதுவும் நிகழ்வதில்லை. அற்புதம் அந்தக் கைகளைத் தொடாமல் விலகிப் போகிறது. அந்த விலகல்தான் என்னை உறுத்துகிறது.

மாய யதார்த்தம் தமிழுக்குச் சிறுபத்திரிகைகள் வழியாக வந்தது. கோணங்கியின் 'கல்குதிரை' மார்க்கேஸுக்கென்றே ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. அந்த நாட்களின் பேச்சில் மாயம் என்றால் வரலாறு, காலனியம், சர்வாதிகாரம், வாழைத் தோட்டத் தொழிலாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூடு. பேச வேண்டியவைதான் அவை. ஆனால் அதே நூல்கள் காதல் கதைகளாகவும் இருக்கின்றன என்பது சற்றுக் கூச்சத்தோடு ஓரமாக வைக்கப்பட்டது. காதல் வாரப் பத்திரிகைக்கு உரியது, மாயம் நமக்கு உரியது என்பதுபோல ஒரு பாகப்பிரிவினை. அதனால் ஒரு கேள்வி கேட்கப்படாமலே நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது: ஒரு காதல் கதைக்குள் அற்புதம் யாருக்குக் கிடைக்கிறது? யதார்த்தமாக எழுதுகிற நாவலாசிரியர் தன் சாய்வை மறைத்துக்கொள்ள முடியும். காரண காரியங்களின் பின்னால் ஒதுங்கி நின்று, வாழ்க்கை அப்படித்தான் போயிற்று என்று சொல்லிவிடலாம். மாயத்தைக் கையில் எடுத்தவருக்கு அந்த ஒதுக்கிடம் கிடையாது. காரணமே இல்லாமல் ஒருவர்மேல் பூமழை பொழிந்தால், பொழியவைத்தவர் ஆசிரியர்தான். அற்புதம் என்பது கதையின் விதிகளைத் தாண்டி ஆசிரியர் காட்டும் அருள். அந்த அருள் எந்த வகைக் காதலின் பக்கம் போகிறது, எந்த வகைக் காதலைக் காயவிடுகிறது என்று பார்த்தால், அந்த நூல் அன்பைப் பற்றி உண்மையில் என்ன நம்புகிறது என்பது தெரிந்துவிடும். இதைப் பார்க்கத் தொடங்கிய பிறகு என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எஸ்கிவெலின் நாவலில் பன்னிரண்டு மாதங்கள், பன்னிரண்டு அத்தியாயங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செய்முறை. மெக்சிகோவின் வட எல்லையில் பியேத்ராஸ் நேக்ராஸுக்கு அருகே ஒரு பண்ணை. வெளியே புரட்சி நடந்துகொண்டிருக்கிறது. கடைசிப் பெண் கல்யாணம் செய்துகொள்ளாமல் தாய் சாகும்வரை அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தீத்தாவைப் பெண் கேட்டு வந்த பெத்ரோ, அவளுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று அவளுடைய அக்காள் ரொசாவுராவைக் கட்டிக்கொள்கிறான். அன்றிலிருந்து தீத்தாவின் மனம் அடுப்படியில் பேசுகிறது. கல்யாணக் கேக்கின் மாவில் விழுந்த கண்ணீர் விருந்துக்கு வந்தவர்களையெல்லாம் அழவைத்து, குடலைப் புரட்டிப் போடுகிறது. பெத்ரோ கொடுத்த ரோஜாக்களை நெஞ்சோடு இறுக்கியதில் முள் கீறி ரத்தம் படிகிறது. அந்த இதழ்களில் செய்த காடைக் குழம்பைச் சாப்பிட்ட இன்னோர் அக்காள் ஹெர்த்ரூதிஸின் உடம்புச் சூட்டில் குளியலறையே பற்றிக்கொள்கிறது. ரோஜா மணக்க நிர்வாணமாக ஓடுகிறவளைக் குதிரையில் வந்த புரட்சிப் படைக்காரன் ஓட்டத்திலேயே தூக்கிக்கொள்கிறான். படிப்பவர் உடம்பிலும் ஏறுகிற பக்கங்கள் இவை. மொலேக் குழம்புக்கு எள்ளும் வாதுமையும் வறுபடும்போது அந்த வாசனை அறைக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. ஒவ்வொரு வரியையும் நம்பினேன். ஆனால் இந்த அற்புதங்களுக்கு நடுவே பெத்ரோ என்ன செய்கிறான் என்று பார்த்தால், சாப்பிடுகிறான், பார்க்கிறான், பொறாமைப்படுகிறான். மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. தீத்தாவைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடவும் இல்லை. அவன் செய்யாத எல்லாவற்றையும் அவனுக்காக அற்புதம் செய்துவிடுகிறது. அவனுடைய ஆசைதான் விறகு என்று நாவல் சொல்கிறது. சமைத்தவள் கை புண்ணானது மட்டும்தான் எனக்குத் தெரிகிறது.

ஜான் பிரவுன் வருவது வேறொரு வெளிச்சத்தில். தான் ஊட்டி வளர்த்த அக்காள் குழந்தை பிரித்துக் கொண்டுபோகப்பட்டுச் செத்துப்போன செய்தி கேட்டு, தீத்தா பேச்சு நின்று புறாக்கூண்டில் போய் ஒடுங்கிவிடுகிறாள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லித் தாய் டாக்டரை அழைக்கிறாள். அவர் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே தீத்தா தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிறந்தது முதல் இன்னொருவர் ஏவலில் கிடந்த கைகள், இப்போது என்ன செய்யலாம் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. இந்த நாவலில் நான் மிக நீண்ட நேரம் நின்ற இடம் அதுதான். ஜூன் மாத அத்தியாயம் அது. அதன் தலையில் இருப்பது தின்பண்டத்தின் செய்முறையல்ல, தீக்குச்சி செய்யும் முறை. ஜான் தன் ஆய்வறையில் பாஸ்பரஸைக் கலக்கியபடி அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பதிலை எதிர்பார்க்காமல் பேசுகிறார். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டு, விருப்பமிருந்தால் சுவரில் எழுதச் சொல்லிவிட்டுப் போகிறார். இரவில் வந்து பார்த்தால், இருட்டில் சுவர் ஒளிர்கிறது. தனக்குப் பேச விருப்பமில்லை என்று அவள் எழுதியிருக்கிறாள். அவளுடைய முதல் விடுதலை அது. ஆனால் ஒளிர்வது பாஸ்பரஸ். அது ஒளிரும் என்பது வேதியியல். விளக்கம் இருப்பதால் இதை யாரும் அற்புதக் கணக்கில் சேர்ப்பதில்லை. காடைக் குழம்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்தச் சுவரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் ஒரு கிழவி தீத்தாவுக்கு மூலிகைத் தேநீர் வைத்துக் கொடுத்துப் பேசாமல் துணையிருக்கிறாள். அவள் ஜானின் பாட்டி, கிக்காப்பூ இனத்து மருத்துவச்சி, எப்போதோ இறந்துபோனவள். பாட்டியிடம் மூலிகை கற்று, அந்த அறிவுக்காகவே வாழ்நாளைக் கொடுத்த பேரனின் கண்ணுக்கு அவள் தென்படுவதில்லை. அவர் வீட்டுக்குள்ளேயே அற்புதம் நடக்கிறது, அவரை விட்டுவிட்டு.

கடைசியில் தீத்தா ஜானை மணக்கவில்லை. பெத்ரோவோடு உறவு கொண்டதை அவரிடம் ஒளிக்காமல் சொல்கிறாள். அது தனக்குப் பொருட்டல்ல, முடிவு உன்னுடையது என்கிறார். அவள் பெத்ரோவைத் தேர்ந்தெடுக்கிறாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் முழுதாகச் சேர்கிற இரவில் பெத்ரோ இறந்துபோக, அவள் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக மென்று தனக்குள் தீ மூட்டிக்கொண்டு அவனோடு போய்விடுகிறாள். பண்ணையே எரிகிறது. ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு தீப்பெட்டி இருக்கிறது, எல்லாக் குச்சியும் ஒரே நேரத்தில் பற்றினால் உயிர் உடலைவிட்டுப் போய்விடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜான்தான். அவரும் பாட்டியிடம் கேட்டது. காதலின் உச்ச அற்புதம் மருத்துவரின் பாடத்தை எடுத்துக்கொண்டுதான் நிகழ்கிறது, எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டதை வழியாக மாற்றிக்கொண்டு. இங்கே எனக்கே ஒரு மறுப்பு எழுகிறது. தீத்தாவுக்குப் பராமரிப்பு என்பது விலங்கு. தாயின் முதுகு தேய்ப்பது, தாயின் துணியை இஸ்திரி போடுவது என்று அன்பில்லாத பணிவிடைக்கே அவள் பிறந்தவளாக்கப்பட்டாள். அவளிடம் போய் பராமரிப்பே காதல் என்று சொல்வது கொடுமை. தீயைத் தேர்ந்தெடுத்ததில் அவளுக்கு நியாயம் இருக்கிறது. தவிர, அந்த நாவலில் பராமரிப்புக்கு அற்புதமே கிடைக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிள்ளை பெறாத தீத்தாவின் மார்பில் பசியால் கதறும் குழந்தைக்காகப் பால் சுரக்கிறதே! ஆனால் இந்த மறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்ட பிறகும் நெருடல் போகவில்லை, இடம் மாறிக்கொள்கிறது. பெண் பராமரித்தால் அற்புதம் சுரக்கிறது. ஆண் பராமரித்தால் அது நல்ல குணம் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆணிடம் அற்புதம் எதிர்பார்ப்பது அவன் எரிவதையும் எரிப்பதையும்தான். நோயுற்றவளின் மௌனத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்கிற ஆணை நாவல் மதிக்கிறது, ஆனால் விரும்புவதில்லை.

மார்க்கேஸ் இதை இன்னும் தந்திரமாகச் செய்கிறார். 1985இல் வெளியான 'காலரா காலத்தில் காதல்' நாவலில் மாயம் ஆங்காங்கே மெல்லத்தான் வருகிறது. நீரில் மூழ்கிச் செத்து, வெள்ளையுடுத்துக் கரையிலிருந்து கப்பலை நோக்கிக் கைக்குட்டை ஆட்டும் பெண்ணைப் போல. அந்நாவலின் பெரிய அற்புதம் காத்திருப்பு. இளம்வயதில் தன்னை மறுத்த ஃபெர்மினா தாஸாவுக்காக ஃப்ளோரெந்தினோ அரிசா 51 ஆண்டு 9 மாதம் 4 நாள் காத்திருக்கிறான். நடுவில் அவளை மணந்து வாழ்ந்தவர் டாக்டர் உர்பினோ. காலராவோ என்ற சந்தேகத்தில் அவளைப் பரிசோதிக்க வந்தவர். பாரிஸில் படித்தவர், தந்தையைக் காலராவுக்குப் பறிகொடுத்தவர், குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் நகரத்தோடு மல்லுக்கட்டியவர். மணநாளில் தான் இவளைக் காதலிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும், ஆனால் காதலை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையின் வரலாறுதான் அவர்களுடைய தாம்பத்தியம். குளியலறையில் சோப்பு இல்லை என்று ஆரம்பித்த சண்டை மாதக்கணக்கில் நீள்கிறது. கழிப்பறை அசுத்தமாகிறதென்று அவள் முறையிட்டதால் வயதான காலத்தில் அவர் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கப் பழகிக்கொள்கிறார். அவள் அவருக்குச் சட்டை மாட்டிவிடுகிறாள். சோப்புச் சண்டையின் பக்கங்களை உலகக் காதல் இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்றாகவே நான் வைப்பேன். ஆனால் நாவல் தன் இசையை ஃப்ளோரெந்தினோவுக்கே வாசிக்கிறது. உர்பினோவுக்குக் கிடைப்பது மாமரத்தில் ஏறிய கிளியைப் பிடிக்கப் போய் ஏணியிலிருந்து விழும் சாவு.

என் அத்தைக்குச் சர்க்கரை நோயில் பார்வை மங்கிய பிறகு தினமும் காலையில் மாமாதான் இன்சுலின் ஊசி போட்டுவிடுவார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சின் வாசனை கூடத்தில் பரவும். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "போடட்டுமா?" என்று கேட்பார். "ம்" என்று அத்தை சொன்ன பிறகுதான் குத்துவார். ஒரு நாள்கூடக் கேட்காமல் போட்டதில்லை. அவர்களுடையது பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம். அவர்களுக்குள் காதல் இருந்ததா என்று குடும்பத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அந்தக் கேள்வி எழுவதற்கு ஒரு கதை வேண்டும். அவர்களிடம் கதை இல்லை. மறுப்பு இல்லை, பிரிவு இல்லை, ஒளித்து எழுதிய கடிதம் இல்லை. தினமும் நடப்பதைக் கதை தூக்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஒருமுறை நடப்பதுதான் நிகழ்ச்சி, ஒருமுறையும் நடக்க முடியாதது நடந்தால் அது அற்புதம். தினமும் நடப்பதற்கு நாவலில் ஒரு வினைமுற்றுப் போதும். பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டார் என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். ஒருவேளை குற்றம் ஆசிரியர்களுடையது அல்லவோ, கதை என்ற வடிவத்துடையதோ என்று ஐயப்படுகிறேன். ஆனால் சோப்புச் சண்டையை எழுத முடிந்த கை, தினசரியையும் எழுத முடியும் என்று காட்டிவிட்டது. அதனால் இந்தச் சமாதானமும் எனக்கு முழுதாகப் பொருந்தவில்லை.

மார்க்கேஸின் வாழ்க்கையிலிருந்து தெரிந்துகொண்ட ஒன்று இந்தக் கேள்வியை எனக்குத் திருப்பிப் போட்டது. ஃப்ளோரெந்தினோவின் இளமைக் காதல் அவருடைய பெற்றோரின் காதலிலிருந்து வந்தது. தந்தை காப்ரியேல் எலிஹியோ அரக்கட்டாக்காவில் தந்தி ஊழியர். பெண்ணின் தந்தையான கர்னல் எதிர்த்தார். பெண்ணை ஊர் ஊராகப் பயணம் அனுப்பினார்கள். தந்தி நிலையங்கள் வழியாகவே சேதி போய்வந்தது. 1926இல் இருவரும் மணந்துகொண்டார்கள். அந்தத் தந்திக்காரர் பின்னால் என்ன ஆனார்? ஹோமியோபதி வைத்தியம் பார்த்து, மருந்துக்கடை வைத்தார். வாழ்க்கையில் காதலனும் மருந்துக்காரரும் ஒரே ஆள். நாவலில் அந்த ஒருவர் இரண்டாகிறார். தந்தியும் கடிதமும் ஏக்கமும் ஒருவனுக்கு, மருந்தும் வீடும் வயோதிகமும் இன்னொருவருக்கு. ஆனால் மார்க்கேஸ் அவர்களைக் கடைசியில் மறுபடி சேர்த்தும்விடுகிறார். ஆற்றுப் பயணத்தில் ஃபெர்மினா முதுகுவலிக்குக் கண்ணாடிக் குவளை வைத்து உறிஞ்சவைக்கச் சொல்ல, ஃப்ளோரெந்தினோ வைத்துவிடுகிறான். அவள் அவனுக்கு எனிமா கொடுக்கிறாள், அவனுடைய பல்செட்டைத் தேய்த்து வைக்கிறாள். அரை நூற்றாண்டு ஏங்கியவன் வந்து சேர்ந்த இடம் உர்பினோவின் இடம். கப்பலில் ஏற்றப்படும் மஞ்சள் கொடியும் அவருடையதுதான்: வாழ்நாள் முழுவதும் அவர் ஊரைவிட்டு விரட்டிய காலராவின் பெயரைச் சொல்லித்தான் காதலர்கள் கரையேறாமல் தப்பிக்கிறார்கள். இது நியாயம் செய்வதா, அபகரிப்பதா என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. அதே பயணத்தில் ஒரு தந்தி வருகிறது. படிப்புக்காகக் காப்பாளன் என்று நம்பி ஃப்ளோரெந்தினோவிடம் ஒப்படைக்கப்பட்டு, அவனால் படுக்கைக்குக் கொண்டுபோகப்பட்ட பள்ளிச் சிறுமி அமெரிக்கா விக்கூன்யா, அபின் கலந்த மருந்தைக் குடித்து இறந்துவிட்டாள். பாதுகாக்க வேண்டியவன் செய்தது அது. அந்தச் சாவைத் தாண்டியும் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கங்களின் அழகு எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அமாதோவின் 1966ஆம் ஆண்டு நாவல் இந்தப் பிளவை வெளிப்படையாகவே மேசைமேல் வைக்கிறது. பாஹியாவின் சால்வதோர் நகரம். சமையல் பள்ளி நடத்துகிற ஃப்ளோரின் முதல் கணவன் வாதீன்யோ சூதாடி, குடிகாரன்; அவளை அடித்துச் சேமிப்பைப் பிடுங்கிக்கொண்டு போனவன்; கார்னிவலில் ஆடிக்கொண்டிருக்கும்போதே செத்து விழுகிறான். இரண்டாவதாக வரும் தியோதோரோ மருந்துக்கடைக்காரர், ஒழுங்கின் பக்தர். பொருள்களுக்கு இடம் வகுத்ததுபோலவே இன்பத்துக்கும் புதன், சனி என்று கிழமை வகுத்திருப்பவர். மனைவிக்கென்றே எழுதப்பட்ட இசையைப் பசூன் என்ற பருத்த குழலில் மாதக்கணக்காகப் பயிற்சி செய்து, எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிறார். அந்த வாசிப்பில் எனக்குத் தொண்டை அடைத்தது. பயிற்சி என்பதும் ஒரு காதல் வடிவம்தானே. ஆனால் இந்த இரண்டாம் கல்யாணத்தின் முதல் ஆண்டு நிறைவு நாளில் செத்தவன் நிர்வாணமாகத் திரும்பி வருகிறான், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். அவனுடைய அற்புதம் சூதாட்ட மேசையில்கூட இறங்குகிறது, 17 என்ற எண் திரும்பத் திரும்ப விழுகிறது. அவனைத் திருப்பி அனுப்பக் காந்தோம்ப்ளே சடங்குக்கு ஏற்பாடு செய்த ஃப்ளோரே, கடைசி நொடியில் அவனை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறாள். இருவருக்கும் நடுவே கைகோத்து நடக்கிறாள். நான்கு நூல்களில் இவள் ஒருத்திதான் ஒருவனைத் தேர்ந்தெடுக்க மறுத்தவள். அவள் மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் தனக்கு ஒரு முழு வாழ்வு என்று அவள் உடம்பு சொல்வதை அமாதோ கேட்டிருக்கிறார். இருந்தாலும் இரண்டும் ஒரே ஆணிடம் இருக்கலாம் என்ற எண்ணம், ஆவிகள் வந்துபோகிற அந்த ஊரில்கூட, யாருக்கும் வரவில்லை.

அயெந்தேயின் நாவலில் நெருடல் கடினமாகிறது. அந்த நூலே ஒரு படுக்கையருகில் இருக்க முடியாததால் பிறந்தது. 1981 ஜனவரி 8 அன்று, தாத்தா சிலியில் சாகக் கிடக்க, காரகாஸில் இருந்த பேத்தி அவருக்கு எழுதத் தொடங்கிய கடிதம் நாவலாக வளர்ந்து 1982இல் வெளிவந்தது. அதில் கிளாரா பொருள்களை மனத்தால் நகர்த்துகிறாள், வரப்போவதை முன்கூட்டிச் சொல்கிறாள். அவள் கணவன் எஸ்தேபன் பண்ணைப் பெண்ணை வன்புணர்ந்தவன், மனைவியை அடித்துப் பல் உடைத்தவன். அவர்களின் மகன் ஹைமே மருத்துவன். போட்டிருந்த கால்சட்டையை ஏழைக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறவன். தன்னோடு இரட்டையாகப் பிறந்த நிக்கோலாஸின் காதலி அமாந்தாவை வாய் திறக்காமல் நேசிக்கிறான், சகோதரனால் உண்டான கருவைக் கலைக்க வேண்டிய கட்டாயம் அவன் கையில் வந்து விழுகிறது. பின்னாளில் போதைக்கு அடிமையாகி வந்தவளுக்கு வைத்தியமும் அவனே பார்க்கிறான். ராணுவப் புரட்சி நாளில் மாளிகையில் ஜனாதிபதியோடு இருக்கிறான். நாவல் பெயர் சொல்லாத அந்த ஜனாதிபதியின் நிழலுக்குரிய சல்வதோர் அயெந்தேயும் வாழ்க்கையில் மருத்துவர்தான். பொய் சொல்ல மறுத்த ஹைமேயைச் சித்திரவதை செய்து கொல்கிறார்கள். அதன் பிறகுதான், முதல் முறையாக, அற்புதம் அவனைத் தேடி வருகிறது. ரத்தம் உறைந்த கந்தலோடு, முள்கம்பி இழுபட, தந்தையின் கண்ணெதிரே அவன் நடந்து போகிறான். உயிரோடு இருந்தபோது அந்த வீட்டின் மாயம் அவன் காதலுக்கு ஒரு துளி உதவவில்லை. செத்த பிறகு அவனை ஆவியாக்கித் தந்தைமேல் குற்றம் சாட்ட அனுப்புகிறது. பராமரித்தவனுக்கு வரலாறு தருவதையும் நாவல் தருவதையும் ஒன்றாகவே வைத்துவிட்டார் அயெந்தே. இந்த நான்கு பேரில் மிக நேர்மையாகத் தன் மருத்துவனை நடத்தியவர் இவர்தான் என்று நினைக்கிறேன், கொடுமையாகவும்.

ஜான் பிரவுனுக்கு ஓர் அற்புதம் கொடுங்கள், தியோதோரோவின் குழலிலிருந்து ஒரு பறவை வெளியே வரட்டும் என்று கேட்பது என் நோக்கமல்ல. அப்படி எழுதினால் அது நற்குணத்துக்குப் பரிசளிப்பாகிவிடும். எந்தக் காதலும் பரிசளிப்பு விழாவில் பிறப்பதில்லை. தீயின்மேல் எனக்கு விரோதமும் இல்லை. ஹெர்த்ரூதிஸ் ஓடிய அந்த வயல்வெளியைப் படித்தபோது நானும் அவள் கூடவே ஓடினேன். என் கவலை வேறு. இந்த நூல்களை இருபது வயதில் படிக்கிற ஒருவர், அற்புதம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் காதல் இருக்கிறது என்று கற்றுக்கொள்வார். விளக்க முடிகிற அன்பைக் குறைந்த அன்பு என்று நினைக்கப் பழகுவார். தன்னைப் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்தில் இருக்கையில், தன்னை எரிப்பவருக்காகக் காத்திருப்பார். நாவல்கள் இதைச் சொல்வதில்லை, அற்புதத்தைப் பங்கிட்ட விதத்தில் செய்துகாட்டுகின்றன. சொல்வதைவிடச் செய்துகாட்டுவது ஆழமாக இறங்கும். திரும்பத் திரும்ப யோசித்தபோது எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. எரிகிற ஆண்களில் யாரும் அந்தப் பெண்ணிடம் எதையும் கேட்டுவிட்டுச் செய்வதில்லை. பெத்ரோ அக்காளைக் கட்டிக்கொள்ளுமுன் தீத்தாவைக் கேட்கவில்லை. வாதீன்யோ அடிக்குமுன்பும் கேட்கவில்லை, ஆவியாக வருமுன்பும் கேட்கவில்லை. கணவரைப் புதைத்த அன்றே காதலைச் சொல்ல வந்து நின்ற ஃப்ளோரெந்தினோ, ஃபெர்மினாவின் துக்கத்திடம் அனுமதி கேட்கவில்லை. பள்ளிச் சிறுமியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அற்புதத்துக்கும் கேட்கும் பழக்கம் கிடையாது. அது வந்து விழும். அதனால்தான் அது அவர்களோடு அவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறதோ என்னவோ. ஜான் பிரவுன் கேட்டார். கேட்டதோடு, விருப்பமில்லை என்ற பதிலை எழுதுவதற்கான பொருளையும் அவளுக்குக் கொடுத்தார்; படித்துவிட்டு அதை மதித்தார். அவள் பிறந்ததிலிருந்து தாயிடம் சொல்ல முடியாத சொல் அது, காதலனிடமும் சொல்ல நேராத சொல். ஒரு பெண்ணின் மறுப்பை வாங்கிக்கொண்டும் அவள்மேல் அன்பு குறையாமல் இருப்பதை விடவா குளியலறையில் பற்றிய தீ நம்புவதற்கு அரிது? மாயமும் காதலும் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, அதை வாசகனாகவே வைக்கிறேன். நடக்கவே முடியாதது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், ஒருவரை ஒருவர் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதன்படி நடந்துகொள்ளும் காதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளின் நிலையைப் பார்த்தால், அதைவிடப் பெரிய மாயம் எதையும் எழுதிவிட முடியாது.